திரையில்லாத இடத்தில் ஒரு கடல்

1

இந்தக் கதையில் என் பங்கு மிகக் குறைவு. வெள்ளவத்தையில், மென்பொருள் எழுதும் நண்பன் றிகாஸின் மேசையருகே, வாய் திறக்காமல் இருந்து பார்த்தது மட்டும்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கொட்டாஞ்சேனையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, அர்பா தன் கணவனின் கடலைத் தேடி—

வெட்டிவிட்டேன். அன்று மழை இல்லை. அர்பா எதையும் தேடவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, கணவரின் இணையப் பக்கத்தை நாளையோடு மூடுகிறார்களாம் என்றார்.

2

அர்பா றிகாஸின் மதினி. அவர் கணவர், றிகாஸ் நானா என்றழைத்த அண்ணன் சப்ரி, போன வருடம் மௌத்தாகி அடக்கமானார். காலையில் கரையோரம் நடந்து, கடலை ஒரு படம் எடுத்து, கீழே ஒரு வரி எழுதி, இணையத்தில் ஒரே பக்கத்தில் போட்டுவந்தவர். (அவரைக் கவிஞராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ‘அலை குறைவு. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க வேண்டும்’ என்று எழுதுகிற மனிதர்.)

புதியது மேலே, பழையது அடியில். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் படம்: கலியாணமான புதிதில், ரயில் பாதையோரம், செருப்பைக் கையில் பிடித்தபடி அர்பா. அது வேறெங்கும் இல்லை.

ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாமே என்றான் றிகாஸ். அர்பா சம்மதிக்கவில்லை. சப்ரி அடுக்கியபடியே, முழுப் பக்கமும் ஒரே படமாக வேண்டும்.

3

றிகாஸின் நிரல் வேறொரு நாட்டிலுள்ள சேர்வரில் ஓடுகிறது. அங்கே ஒரு பிரவுசர் பக்கத்தைத் திறந்து, தலையிலிருந்து அடிவரை அளந்து, படமாக்கி அனுப்புகிறது. அதற்குத் திரை கிடையாது.*

யாருமில்லாத இருட்டில் ஒரு கடல் விரிகிறது.

படம் வந்தது. மேலே சில கடல்கள். அதன் கீழே எல்லாம் சாம்பல் நிறப் பெட்டிகள்.

வாசிப்பவர் திரையை உருட்டிக் கீழே இறங்கி வந்தால்தான் அந்தப் பக்கம் படங்களைக் கொண்டுவருமாம். நிரல் உயரத்தை அளந்ததே தவிர, இறங்கிப் போகவில்லை. றிகாஸ் அதைத் திருத்தினான்: மெதுவாக இறங்கு, ஒவ்வொரு பெட்டியருகிலும் நில், படம் வந்தபின் நகரு.

வந்தன. நீலம், ஈயம், மறுபடி நீலம். ஒரு மனிதனின் காலைகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இவ்வளவு பெரிய ஒன்றை நான்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

அடியிலிருந்த பெட்டி மட்டும் சாம்பலாகவே நின்றது. காத்திருக்கும் நேரத்தை றிகாஸ் கூட்டினான். வரவில்லை. அந்தத் தளத்திலேயே படம் அழிந்திருக்கலாம் என்றான், மதினியின் முகத்தைப் பாராமல்.

அர்பா சிரித்தார். “உங்கட நானாவும் இப்படித்தான். கூப்பிட்ட உடன வந்த நாள் இல்ல. அவசரப்படுத்தாம இருங்க.”

றிகாஸ் நேரக்கணக்கையே எடுத்துவிட்டான். வரும்வரை நில். ஓடவிட்டான்.

* திரை தேவைப்படுவது நமக்குத்தான் என்றான் றிகாஸ். அதை யோசித்தபடியே பாமன்கடை வரை நடந்திருக்கிறேன்.

4

(முடிவு ஒன்று: படம் வருகிறது. எழுதினேன். அர்பாவின் சிரிப்புக்கு முன்னால் அது மலிவாகத் தெரிந்தது.)

(முடிவு இரண்டு: வரவில்லை; மறுநாள் பக்கம் மூடப்படுகிறது. எழுதினேன். அதன்பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம் போக எனக்கு—)

நடந்தது எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தவன். ஆனால் இறங்கி வந்தவருக்குத்தான் அது காட்டப்படும். என் சொல் அதற்கு ஈடாகாது. நீங்கள் இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டீர்கள். அடியிலிருந்த பெட்டி இதோ:

[                    ]

அர்பாவின் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருக்கிறது. இருங்கள். அவர் இன்னும் எழும்பவில்லை.