புறாவலைக்குள் ஒரு பிடி சாதம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் முளைத்தது. தான் வளர்க்கும் லோரிகீட் கிளிக்குத் தின்பண்டமாக என்ன கொடுக்கலாம் என்று மாட்டுங்காவில் எங்கள் எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி கேட்டாள். செம்பருத்திப் பூ, மாதுளை முத்து, பப்பாளித் துண்டு என்றேன். அது அவள் காதில் விழுந்தமாதிரியே இல்லை. தன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு உறுத்தியது.

2

முதல் தொடக்கம்: ‘லேபர் கேம்ப் குடிசையிலிருந்து வேலைக்கு வரும் முத்துமாரி, யாரும் பார்க்காத நேரம் கூண்டைத் திறந்து—’

(நிறுத்துகிறேன். என் பேனாவும் நேரே அவளிடம்தான் போகிறது. நீங்களும் அவளைத்தான் நினைத்தீர்கள், மறுக்காதீர்கள்.)

நடந்தது இதுதான். கிளி சுருண்டு விழுந்தது. நெய்யும் உப்பும் கலந்து ஏதோ உள்ளே போகிறது, இப்படியே போனால் பிழைக்காது என்றார் பறவை டாக்டர். விஜயலக்ஷ்மி தன் வீட்டுக்காரரிடம் தின்பண்டம் ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லையே என்றார். முத்துமாரியை ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டாள்.

முத்துமாரி என்னிடம் வந்தாள். “வேல போனா போவட்டும்க்கா. பழியோட போவ மாட்டேன்.”

3

அவள் கணவர் அனந்தகிருஷ்ணன்மேல் எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை? (நல்ல மனிதர். இப்படித்தான் கதைகள் கெட்டுப்போகின்றன.)

போன வருஷம் தாயார் தவறியதிலிருந்து, காக்காய்க்கு ஒரு பிடி பருப்பு சாதம் வைக்காமல் அவர் சாப்பிடுவதில்லை. சமீபத்தில் குடியிருப்பு சொசைட்டிக்காரர்கள் எல்லா பால்கனிக்கும் புறா நுழையாதபடி புறாவலை கட்டிவிட்டார்கள். அப்படியானால் அந்தச் சாதம் எங்கே போகிறது?

நேற்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பார்த்துவிட்டேன். நெய் மினுங்கும் சாதத்தைக் கூண்டுக்குள் வைத்துக் கைகூப்பி நின்றார். கிளி கொத்தியது.

“வலை போட்டப்புறம் காக்கா வரதில்லை,” என்றார் என்னிடம். “இதுவும் பட்சிதானே. அம்மா சாப்பிட்டுட்டா.”

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது, வந்துவிட்டேன்.*

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். கிளி பிழைக்கும், முத்துமாரியின் பழி நீங்கும். வலை கட்டிய நாள்முதல் அம்மா பட்டினி என்று அவர் நினைப்பார்.

முடிவு இரண்டு: சொல்லாமல் விடுகிறேன். (மேலே எழுதக் கை வரவில்லை.)

இன்று ஞாயிறு. முத்துமாரியின் செருப்பு இன்னும் எதிர்வீட்டு வாசலில் கிடக்கிறது. உள்ளே நெய் காயும் வாசனை. நான் எழுதுவதை நிறுத்தினாலும் அவர் சாதம் பிசைவதை நிறுத்தமாட்டார். அழைப்புமணிக்கு நேரே உங்களை நிறுத்தியிருக்கிறேன். அழுத்துவீர்களா?

––––
* தின்பண்டம் கொடுக்கவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கணக்கில் அது அம்மாவின் சாப்பாடு.