கருப்பட்டியும் பதின்மூன்று தீக்கோழிகளும்

ஸ்மிதாவை அடக்கம் பண்ணிய முப்பத்தெட்டாம் நாள், வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மினி லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "டாக்டரம்மா ஸ்மிதா வீடு இதுதானே? இருபத்திரண்டு உருப்படி இருக்கு. கையெழுத்துப் போடணும்" என்றான். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

கூடைகளில் இருந்தவை தீக்கோழிக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் முள்ளம்பன்றிக்கும் தாரா வாத்துக்கும் பிறந்ததுபோல இருந்தது.

பெனின் கையெழுத்துப் போட்டான். மூன்று மாதத்துக்கு முன்பு ஸ்மிதா ஆந்திராவில் ஒரு பண்ணைக்குச் சொல்லி வைத்திருந்த குஞ்சுகள் அவை. அந்த வருடம், அதாவது 2011இல், டி.வி.யைத் திறந்தால் ஈமு விளம்பரம்தான். "ஈமு ஊரே வளக்குது. நாம தீக்கோழி வளப்போம்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கால்நடை மருத்துவர். ஆயிரக்கணக்கான மாடுகளுக்குள் கை விட்டவள். அவளை ஓர் எலிக்காய்ச்சல் நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது. கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

பெனின் படித்தது எம்.ஏ. பொருளாதாரம். தனியார் கல்லூரியில் விரிவுரையாளன். சாவுக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. விடுப்பு எழுதிக் கொடுக்கவும் இல்லை. மாமனார் ரத்தினத்தின் வீட்டில், திங்கள்நகர்ப் பக்கத்தில், சும்மா இருந்தான். மார்த்தாண்டத்திலிருந்து அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்வான். பெண் செத்த வீட்டில் மருமகன் இருப்பது முறையில்லை, ஷைஜா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், போட்டோவை அனுப்பவா என்பான். பெனின் "ம்" என்பான். அந்த "ம்" எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் தென்னை விளையில் ஸ்மிதா உயிரோடு இருக்கும்போதே கொட்டகை கட்டி முடித்திருந்தாள். ஒரு நோட்டும் எழுதி வைத்திருந்தாள். முதல் வாரம் என்ன, இரண்டாம் வாரம் என்ன என்று பக்கம் பக்கமாக. பெனின் அதில் அந்தந்த வாரத்துப் பக்கத்தை மட்டும் படிப்பான். அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டான். அவள் எழுதியதில் மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தான்.

முதல் மூன்று வாரத்தில் ஒன்பது குஞ்சுகள் செத்தன. தீக்கோழிக் குஞ்சு சாவதற்குக் காரணம் தேடுவதில்லை. கல்லைத் தின்று செத்தது ஒன்று. கயிற்றைத் தின்று செத்தது ஒன்று. மற்றவை வயிறு ஊதி, பச்சையாகக் கழிந்து செத்தன. ஒவ்வொன்றையும் புதைக்கும்போது மாமி சத்தியபாய் பக்கத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடினாள். ஐந்தாவதுக்குப் பிறகு ஒரு சரணத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

பத்தாவதற்கு நேரம் நெருங்கியபோது ரத்தினம் பேசினார். சவுதியில், தமாமில், பதினாலு வருடம் இருந்துவிட்டு வந்தவர். சபையில் மதுவிலக்குச் சங்கத் தலைவர். வருடாவருடம் அவர் தலைமையில் ஒரு பேரணி போகும்.

"மக்கா, ஆந்திராக்காரன்ட்ட பேசிட்டேன். மிச்சத்தத் திருப்பி எடுக்கானாம். அடுத்த வாரம் சனியாழ்ச்ச வண்டி வரும். அதுவரைக்கும் பாரு. எடை கூடி, ஒண்ணும் சாகலன்னா வண்டிய வேண்டான்னு சொல்லுதேன். ஒண்ணு செத்தாலும் எல்லாத்தையும் ஏத்திர வேண்டியதுதான்."

"செரி மாமா."

"அதுக்குப் பெறவு நீயும் ஒன் வீட்டுக்குப் போலாம். வெரட்டுதேன்னு நெனைக்காத. ஒனக்கும் வயசு கெடக்கு."

பதினொரு நாள் இருந்தது.

நான்காம், ஐந்தாம் வாரங்களுக்குச் சேர்த்து எழுதிய பக்கத்தில் புளிக்க வைத்த தீவனம் இருந்தது. அரைத்த மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு, நறுக்கிய முருங்கை இலை. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகள் உள்ள பொடியைக் கலந்து, டிரம்மில் காற்றுப் புகாமல் அமுக்கி மூடி மூன்று நாள் வைக்க வேண்டும். திறந்தால் தயிர் வாசம் வர வேண்டும். கீழே அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்: "இந்தப் புளிப்பில் கெட்ட கிருமி வளராது. குஞ்சின் குடல் உறுதிப்படும். பழங்கஞ்சி குடித்து வளர்ந்த உனக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்."

பெனின் சுசீந்திரத்து மில்லிலிருந்து தவிடு கொண்டுவந்தான். வடசேரிச் சந்தையில் முருங்கைக் கட்டு வாங்கினான். முதல் டிரம் நன்றாக வந்தது. குஞ்சுகள் முதலில் முகர்ந்து பார்த்து அவனை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. பிறகு தின்றன. இரண்டு நாளில் கழிச்சல் நின்றது. அரிசிச் சாக்கில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தூக்குத் தராசில் மாட்டினால், எல்லாம் எடை கூடிக்கொண்டு வந்தன. சாக்குக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு அவை தராசு முள்ளைக் கொத்தின. ஐந்து நாளில் ஒன்றும் சாகவில்லை. பெனின் ஒரு நாள் சவரம்கூடச் செய்துகொண்டான்.

இரண்டாவது டிரம்மைத் திறந்து தீவனம் வைத்த வியாழக்கிழமை காலையில் நிலைமை மாறியது.

குஞ்சுகள் நேராக நடக்கவில்லை. ஒன்று மூன்றடி வைத்து, நின்று, யோசித்து, பக்கவாட்டில் விழுந்தது. ஒன்று தென்னையில் முட்டிவிட்டுத் தென்னையிடம் சண்டைக்கு நின்றது. மூன்று குஞ்சுகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றிலும் பெரியது நடுவில் உட்கார்ந்து, இருக்கிற இரண்டு சிறகுக் குச்சியையும் விரித்து ஆடியது.

"மாமி!" என்று கத்தினான் பெனின்.

சத்தியபாய் ஓடி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஏசுவே! வாதம் வந்திட்டே பிள்ளே! கால் இழுக்குதே!"

பெனின் குத்தவைத்து உட்கார்ந்தான். பெரிய குஞ்சு ஆடி முடித்து அவன் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியது. செத்துவிட்டது என்று நினைத்தான். மூச்சு இருந்தது. கைபேசியை எடுத்து ஆந்திராக்காரனின் எண்ணைத் தேடினான். சனிக்கிழமை எதற்கு, இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த நேரம் பார்த்துச் சபைச் செயலாளர் இஸ்ரவேல், பதவிக்கு ஏற்ற தோரணையோடு வாசலில் வந்து நின்றார். கையில் ரெக்சின் பை. மூக்கு மேலே தூக்கியிருந்தது.

"ரத்தினம் அண்ணே, தப்பா எடுக்கப்பிடாது. ரெண்டு மூணு பேரு வந்து எங்கிட்டச் சொன்னாவ. ஒங்க விளையில இருந்து வாற மணம் சரியில்லையாம்."

"என்ன மணம்?"

"வாற்று மணம்."

மதுவிலக்குச் சங்கத் தலைவர் வீட்டில் சாராயம் வாற்றுவதாகச் சொன்ன மனிதரை ரத்தினம் விலக்கிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். இஸ்ரவேல் பின்னாலேயே வந்தார். ரத்தினம் குஞ்சுகளைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். பெனின் காதில் வைத்திருந்த கைபேசியைப் பார்த்தார்.

"யாருக்குப் போன்?"

"ஆந்திராவுக்கு. இது தீராத நோய் மாதிரி இருக்கு மாமா. எடுத்திட்டுப் போகட்டும்."

ரத்தினத்தின் முகம் ஒரு மாதிரியாக ஆனது. இஸ்ரவேலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி குஞ்சுகளைப் பார்த்தார். ஒன்று அவர் காலடிக்கு வந்து, செருப்பைக் கொத்தக் குறிவைத்து, ஒரு சாண் தள்ளி மண்ணைக் கொத்தியது. ரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டினார். டிரம்முக்குள் குனிந்து மூச்சை இழுத்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"போன வைய்யி மக்கா. நோயும் இல்ல, மண்ணும் இல்ல. சவத்துக் குஞ்சுவளுக்குப் போதை."

"போதையா?"

"இனிப்பு கூடிப் போச்சு. மூணு நாள் வெயிலு பட்டிருக்கு. காத்து போக வழியில்லாம மூடியத் தெறக்க முன்னால பொங்கியிருக்கும், இல்லையா? இன்னும் நாலு நாள் விட்டா ஒண்ணாந்தரமா வந்திருக்கும்."

இஸ்ரவேல் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அண்ணே, இவ்வளவும் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தமாமில கேம்புல இருந்தம்லா."

"இருந்தா?"

"அங்க சபை கெடையாது. வெள்ளி லீவுங்கதால வியாழாழ்ச்ச ராத்திரி ரகசியமாத்தான் கூடுவோம். திருவிருந்துக்குத் திராட்சரசம் வேணும். கடையில கெடைக்காது. உலர்ந்த திராட்சையப் போட்டு, நான்தான் ஊற வைப்பேன்."

"எத்தன பேரு கூடுவிய?"

"ஏழு."

"எவ்வளவு போடுவிய?"

ரத்தினம் எதிரில் இருந்த இருநூறு லிட்டர் டிரம்மைக் கண்ணால் அளந்தார். "கிட்டத்தட்ட இதுல பாதி."

"வருசத்துக்கா?" என்று கேட்டாள் சத்தியபாய்.

"நீ சும்ம கெட."

"வியாழாழ்ச்ச ராத்திரி போன் பண்ணி என்னக் கொஞ்சுவியளே, பதினாலு வருசமும்! நான் அன்புன்னுல்லா நெனச்சேன்!"

இஸ்ரவேல் தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் ரெக்சின் பை குலுங்கியது. "கமிட்டியில சொல்லாம இருக்க முடியாது அண்ணே" என்று கடைசியில் சொன்னார்.

"சொல்லும் வேய். பேரணிக்கு வேற ஆளப் பாரும். வெயிலும் தாங்க முடியல்ல."

பெனினுக்கு ஒன்று புரியவில்லை. "நான் இனிப்பே போடலையே மாமா. நோட்டுல உள்ளதுதான் போட்டேன்."

சத்தியபாய் சேலை நுனியைப் பிடித்துத் திருகினாள். "நான்தான் பிள்ளே. நீ குளிக்கப் போற நேரத்துல. தாயில்லாக் குஞ்சுவ. பச்சப் புள்ளைக்குக் குடுக்காப்புல ரெண்டாவது டிரம்முல ரெண்டு சில்லு கருப்பட்டி நுணுக்கிப் போட்டேன்."

"ரெண்டு சில்லா?"

"மொதல்ல ரெண்டு. எடை கூடுதுன்னு நீ சொன்னேல்லா. பெறவு தெனமும் ஒரு முழு வட்டு."

ரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பெனினும் அவரும் டிரம்மைக் கவிழ்த்தார்கள். குஞ்சுகளை நிழலில் அடைத்துத் தண்ணீர் மட்டும் வைத்தார்கள். முதல் டிரம்மின் அடியில் மிச்சம் இருந்த நல்ல தீவனத்தில் இரண்டு கை எடுத்துப் புதிய மாவில் கலந்து அமுக்கினார்கள். ரத்தினம் மூடியில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் முக்கினார். உள்ளே இருக்கிற காற்று குமிழாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. குழாயைச் சுற்றி மெழுகால் அடைத்தார். இந்த வேலையை நூறு தடவை செய்த கை.

"ஏழு பேருக்கு" என்றான் பெனின்.

"வாய மூடு மக்கா."

வெள்ளிக்கிழமை குஞ்சுகளுக்குத் தலைவலி. வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சேவல் கூவியபோது பதின்மூன்றும் ஒரே நேரத்தில் அதை வெறுப்போடு பார்த்தன. சனிக்கிழமை பழையபடி கயிற்றைத் தின்னத் தேடின. பெனின் சாக்கையும் தராசையும் எடுத்தான். ஒன்றுகூடக் குறையவில்லை. பெரியது கால் கிலோ கூடியிருந்தது.

பதினொரு மணிக்கு ஆந்திராக்காரன் போன் செய்தான், வண்டி நாகர்கோவில் வந்துவிட்டது, வழி சொல்லுங்கள் என்று. ரத்தினம் கைபேசியைப் பெனினிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

"வேண்டாம்" என்றான் பெனின். "வண்டியத் திரும்பிப் போகச் சொல்லுங்க." சாவுக்குப் பிறகு அவன் தன் விருப்பமாகச் சொன்ன முதல் இரண்டு வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும். மாலையில் அண்ணன் அழைத்தபோது "ம்" சொல்லவில்லை. இருபது கிலோ ஆகும்வரை நான் எங்கும் வர முடியாது என்றான். யாருக்கு இருபது கிலோ என்று அண்ணன் கேட்டான்.

திங்கட்கிழமை ஆறாம் வாரம் பிறந்தது. பெனின் கொட்டகையில் உட்கார்ந்து நோட்டில் பக்கத்தைப் புரட்டினான். மேலே தேதி இல்லை. அடர்த்தியான பேனாவில், இரண்டு கோடு போட்டு, ஒரே வரி:

"எதற்கும் அம்மாவை டிரம் பக்கம் விடாதே."

பெரிய குஞ்சு தோளுக்கு மேலாக எட்டி அந்தப் பக்கத்தைக் கொத்தியது. பெனின் நோட்டை இழுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, டிரம்முக்கு ஒரு பூட்டு வாங்கத் திங்கள்நகருக்குப் போனான்.