காயாரோகணம் அடைத்த ஓட்டை

காயாரோகணம் ‘நாளைக்கு’ என்று சொன்னால் அதைக் காலண்டரில் தேடக் கூடாது. வந்தவரை மனம் கோணாமல் திருப்பி அனுப்ப அவர் கைவசம் வைத்திருந்த மரியாதை அது. சுடர்விழி அந்த மரியாதையைப் பதினெட்டு நாளாகப் பெற்றுக்கொண்டிருந்தாள். திருவாரூரில் கூட்டுறவுச் சங்க வேலை முடிந்ததும் பஸ் பிடித்து, வேளாங்கண்ணியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒற்றைத் தொடையில் உட்கார்ந்து, வெள்ளையாற்று முகத்துவாரத்துக் குப்பத்துக்கு வந்து சேர்வாள். அவர் ரெசின் பசை ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டி, “நாளைக்கு பாப்பா” என்பார்.

ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கும் அவரிடம் அவள் கொடுத்திருந்தது ஒரு பழைய பாய்ப்படகு. ஃபைபர் உடம்பு, பதினான்கு அடி, இன்ஜின் கிடையாது, ஒரே ஆள் ஓட்டுவது. சென்னையில் ஒரு கிளப் கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தாள். அடியில் நாலைந்து விரிசல். பாய்மரம் நிற்கும் குழி ஆடிப்போயிருந்தது. அதைத் தவிரக் குறை சொல்ல முடியாது.

அவள் வயல்காட்டுப் பெண். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய் பிடிக்கக் கற்றவள். மூன்று மாநிலப் போட்டிகளில் ஓடியிருக்கிறாள், மூன்றும் இரவல் படகில். எல்லோரும் நல்லதைப் பொறுக்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் இரவல் என்பதால், எத்தனையாவதாக வந்தாள் என்பதைப் பற்றி அவள் வீட்டில் பேசுவதில்லை. வருகிற சனிக்கிழமைப் போட்டியோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. ஒரே ஒரு தடவையாவது சொந்தப் படகில் ஓடிவிட வேண்டும். சித்தீக்கின் கருவாட்டு லாரி செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சென்னைக்குக் கிளம்புகிறது. படகு அதில் ஏறினால் போட்டி உண்டு. இல்லாவிட்டால் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை லீவு போட்டுவிட்டு வந்தாள். அதிசயமாக வேலை முடிந்திருந்தது. படகு நீலப் பூச்சில் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது. விரிசலைத் தேடித் தடவினாலும் கிடைக்கவில்லை. குனிந்து அடியிலிருந்து பாய்மரக் குழியில் கையை விட்டு ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பதினெட்டு நாள் கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. பிறகுதான் அடிப்பாகத்தின் நடுவைப் பார்த்தாள்.

அங்கே ஒரு நீளப் பொந்து இருக்க வேண்டும். படகின் மேலிருந்து அடிவரை ஊடுருவிப் போவது. அதன் வழியாகத்தான் ஒரு பலகையைச் செருகித் தண்ணீருக்குள் இறக்குவார்கள். இப்போது அந்த இடம் வழுக்கைத் தலை மாதிரி இருந்தது.

“அண்ணே, இங்க ஒரு பொந்து இருந்துச்சே?”

“அத ஏன் கேக்குற! ரெசின் தடவி மூணு அடுக்கு ஃபைபர் மேட் போட்டு அடைச்சிருக்கேன். ஒன்னு போட்டாலே காலம் பூரா நிக்கும்.” காயாரோகணத்தின் முகம் மலர்ந்தது. “இவ்ளோ பெரிய ஓட்டையோட எந்தப் பாவி உன் தலையில கட்டினான்?”

“அது ஓட்டை இல்லீங்கண்ணே. செய்யறப்பவே அப்படித்தான் செஞ்சிருக்கான்.”

“அதான் பாவின்னு சொல்றேன்.”

“பொந்தைச் சுத்தி சுவர் மாதிரி பெட்டி இருக்கு பாருங்க. தண்ணி அதுக்குள்ளயே நின்னுக்கும். படகுக்குள்ள வராது.”

“தண்ணிகிட்ட சொல்லி வெச்சிருக்கியா?”

பக்கத்தில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எல்லையம்மாள் சிரித்தாள். சுடர்விழி பல்லைக் கடித்துக்கொண்டு தன் ஊர் வழியில் விளக்கினாள். “ஏர் ஓட்டுறப்ப கொழு மண்ணுக்குள்ள இறங்கினாத்தானே நேரா போகும்? மேலாக்கப் போனா மாடு இழுக்கிற பக்கமெல்லாம் இழுபடும். அந்தப் பலகைதாங்க கொழு.”

“கடல்ல யாரு உழுவுறா?”

“வயக்காட்டுப் பொண்ணு சொல்லுது, கேட்டுக்கய்யா” என்றாள் எல்லையம்மாள். “நாள பின்ன நாத்து நட ஆள் கூப்பிட்டாலும் கூப்பிடும்.”

வாயால் ஆகாது என்று தெரிந்தது. “சரி, ஏறுங்க. ஓட்டியே காட்டுறேன்.”

பாய்மரத்தை நிறுத்தி, பாயை ஏற்றுவதற்குள் அடுத்த கூத்து. காற்று திடீரென்று அறைந்தால் பாயின் கயிற்றை நொடியில் விட்டுவிட வேண்டும். காயாரோகணம் அந்தக் கயிற்றைக் கட்டையில் வலைமுடிச்சாக மூன்று சுற்றுப் போட்டு இறுக்கியிருந்தார். “ஜென்மத்துக்கும் அவுராது” என்று உத்தரவாதமும் கொடுத்தார். அவள் அவருடைய அரிவாளாலேயே அதை அறுத்தாள்.

படகை ஆற்றில் தள்ளினார்கள். ஒருவர் படகில் இருவர். கொண்டல் காற்று கடலிலிருந்து நன்றாக அடித்தது. எதிர்க்கரைக் கொடிக்கம்பத்துக்கு நேராக விட்டாள். மூக்கு கொடிக்கம்பத்தைத்தான் பார்த்தது; உடம்பு மட்டும் பக்கவாட்டில் நழுவி இறால் குட்டைப் பக்கம் போனது. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு நண்டு மாதிரி அதே திசையில் ஒதுங்கியது. இரண்டு நிமிஷத்தில் சேற்றில் சொருகி நின்றது. கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சுடர்விழி கேட்டாள். “இப்ப தெரியுதாண்ணே?”

“காத்து சரியில்ல.”

“காத்து நல்லாத்தான் அடிக்குது.”

“அப்ப பாய் பழசு.”

“போன மாசம்தான் புதுசா தெச்சேன்.”

“அப்ப உன் வெயிட்டு.”

“நான் நாப்பத்தெட்டு கிலோங்க!”

“அதான். வெயிட்டு பத்தல.”

தள்ளிக் கரை சேர்த்தபோது மணி ஒன்று. அடைத்ததைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டாள். கெஞ்சினாள். கடைசியில், மெஷினைக் கொடுங்கள், நானே அறுத்துக்கொள்கிறேன் என்றாள். காயாரோகணம் கட்டிங் மெஷினை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இது ஓட்டையை அடைக்கிற கை பாப்பா, போடற கை இல்ல. அந்தப் படகு முழுகினா உன்ன யாரும் கேக்க மாட்டான். காயாரோகணம் பார்த்த படகுன்னுதான் பேசுவான். முப்பது வருஷத்துல நான் தொட்ட ஒரு படகு ஒழுகினது இல்ல.”

அது வீம்பு அல்ல, மெய்யாகவே பயம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? மணி ஒன்றரை ஆகிக்கொண்டிருந்தது.

எந்தப் பேரத்திலும் வந்தவர் செருப்பை மாட்டுகிற கட்டம் ஒன்று உண்டு. அதுவரை பேசியதெல்லாம் பேச்சு. செருப்பு மாட்டும்போதுதான் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். சுடர்விழி செருப்பை மாட்டினாள்.

“பரவால்லைங்கண்ணே. ஒரு லோடு ஆட்டோ மட்டும் சொல்லி விடுங்க. பக்கத்துக் குப்பத்து மனோகரன் அண்ணன் அரை மணி நேரத்துல பிரிச்சுத் தரேன்னாரு.”

மனோகரன் என்ற ஆளை அவள் கண்ணால் கண்டதில்லை. அவரும் ஃபைபர் படகு பார்க்கிறவர், காயாரோகணத்துக்கு ஆகாதவர் என்பது மட்டும் ஷேர் ஆட்டோ தயவில் தெரியும்.

“அவனா?” காயாரோகணம் நிமிர்ந்தார். “என்ன சொன்னான்?”

“அது எதுக்குங்க இப்ப...”

“சொல்லு பாப்பா!”

“காயாரோகணம் போட்ட மேட்டா, மெஷினே வேணாம், கையால உரிச்சாலே வந்துடும்னாரு.”

மெஷின் அலறத் தொடங்கியது. எல்லையம்மாள் நெத்திலிமேல் தூசி படாமல் சாக்கை இழுத்து மூடினாள். மூன்று மேட்டும் லேசில் வரவில்லை. இரண்டு பிளேடு தேய்ந்தது. ஒவ்வொரு பிளேடு போகும்போதும் காயாரோகணத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா? கையால உரிப்பானாம்! அவன் பாட்டன் வந்தாலும் முடியாது!”

மூன்றே முக்காலுக்குப் பொந்து திறந்தது. பலகையைச் செருகினாள். முக்கால்வாசி போய் இறுகிக்கொண்டது. பெட்டியின் உள்சுவரிலும் மனிதர் தாராளமாக ஒரு மேட் ஒட்டியிருந்தார்.

“பலகையைச் சீவிடுவோம்” என்றார்.

“பலகை அளவு மாறினா போட்டியில விட மாட்டாங்கண்ணே. உள்ள தேயுங்க!”

வாசலில் சித்தீக் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. “வயசுப் புள்ள, பாவமேன்னு ஒத்துக்கிட்டேன். மூட்டை எல்லாம் ஏத்தியாச்சு. வர்றீங்களா, போகட்டுமா?”

படகை அப்படியே தூக்கிக் கருவாட்டு மூட்டைகளின்மேல் சாய்த்துக் கட்டினார்கள். சுடர்விழி ஏறினாள். உப்புத்தாளும் கையுமாகக் காயாரோகணமும் ஏறினார்.

“யோவ், எங்க போற?” என்றாள் எல்லையம்மாள்.

“நாகூர்ல இறங்கி வந்துடுறேன்!”

லாரி ஓட ஓட அவர் பொந்துக்குள் கையைவிட்டுத் தேய்த்தார்; நடுநடுவே அவள் பலகையைச் செருகிப் பார்த்தாள். ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. நாகப்பட்டினம் போனது, நாகூரும் போனது. பாலம் ஒன்றில் லாரி குலுங்கி ஏறியபோது பலகை சரேலென்று இறங்கி, அடிப்பக்கம் முழு நீளத்துக்கு நீட்டி நின்றது. அவள் இழுத்துப் பார்த்தாள், வந்தது. திரும்பச் செருகினாள், போனது. மூன்றாம் முறையும் செருகிவிட்டுப் படகைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இது இரவல் இல்லை.

அவள் பலகையை உருவி வைத்ததும் காயாரோகணம் பொந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் வானம் தெரியுது பாப்பா.”

“தெரியணும்ணே.”

“முழுகிடும்.”

“முழுகாதுண்ணே. காரைக்கால் வரப்போவுது, நிறுத்தச் சொல்றேன். இறங்கி பஸ் புடிச்சுப் போயிடுங்க.”

“எதுக்கு?” கருவாட்டு மூட்டைகளின் இடுக்கிலிருந்து அவர் ஒரு டப்பாவை இழுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார். டப்பா நிறைய ரெசின், மேலே சுருட்டிவைத்த மேட். “நானும் சென்னைக்கு வரேன். போட்டி நடுவுல தண்ணி ஏறினா அங்க யாரு இருக்கா அடைக்க?”

சுடர்விழி டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நகர்ந்து, முதுகால் பொந்தை மறைத்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.