மூன்றாவது பத்து

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை, தேவைப்படவில்லை. என் மனைவி லூர்துராணியின் வாயே கடிகாரம். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் பத்து சொன்னால் முட்டை அரைவேக்காடு. மும்முறை பத்து சொன்னால் இட்லி. காப்பி டிகாக்‌ஷன் இறங்க ஒரு விசுவாசப் பிரமாண ஜெபம் போதும். பாலக்கரையில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் அடுப்பும் ஜெபமும் சேர்ந்து எரிந்தன. ஆனால் என் வீட்டு இட்லி மாதிரி எந்த வீட்டிலும் இல்லை என்று நான் பெருமையடித்துக்கொள்வேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்தார். நல்ல மனுஷர், குரல் கணீரென்று இருக்கும். மந்திரத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதீர்கள், ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகட்டும் என்று மூன்று நாள் பேசினார். கோவிலில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். என் மனைவி மட்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டே இருந்தது. அவள் கண்ணை மூடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பத்துக்கே என் பொறுமை போய்விட்டது. கடைசியில் தட்டில் விழுந்த இட்லி டொக்கென்று சத்தம் போட்டது. அதை மென்று விழுங்கி, சைக்கிளை மிதித்துப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போவதற்குள் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

நான் அங்கே இரும்பை ராவிப் பொருத்துகிற பிட்டர். சனிக்கிழமை மேஸ்திரி வேலைக்குப் பரீட்சை. ஆறு வருஷமாக அதற்காகக் காத்திருந்தேன். போர்மேன் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு நாள் லேட்டானால் பரீட்சைப் பட்டியலில் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மெதுவாகத்தான் சொல்வாய் என்றால் மூன்று பத்தை இரண்டாகக் குறைத்துக்கொள் என்று சண்டை போட்டேன். முடியாது என்றாள். கடிகாரம் வாங்கி வருகிறேன் என்றேன்.

"வாங்கிட்டு வாங்க. அது நமக்காக வேண்டிக்குமாங்க?" என்றாள்.

புதன்கிழமையிலிருந்து எனக்குப் பழைய சோறு போதும் என்று அறிவித்தேன். பழைய சோற்றுக்கு மந்திரம் வேண்டாம் பாருங்கள். அவளும் சோற்றில் மோரை ஊற்றி வைத்தாள். மூன்று நாளும் சங்குக்கு முன்னால் வாசலில் நின்றேன். ஜெயித்தது நான்தான், ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடிந்து நான் சட்டை மாட்டும்போது பார்த்தால், அவள் பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். எரியாத அடுப்புக்கு எதற்கு ஜெபம் என்று குத்தலாகக் கேட்டேன்.

மந்திரத்தை முடித்துவிட்டுச் சொன்னாள்: "அடுப்புக்கா சொல்றேன்? மொதப் பத்து செத்துப்போன நம்ம பெரியவங்களுக்கு. ரெண்டாவது, இன்னைக்கு அடுப்பு எரியாத வீட்டுக்கு. மூணாவது உங்க விரலுக்குங்க. நீங்க இரும்போட மல்லுக்கட்டுற ஆளு. கல்யாணம் ஆன நாளா சொல்லிட்டு வரேன். எதைக் குறைக்கச் சொல்றீங்க?"

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பத்து விரலும் முழுசாக உள்ளவர்கள் பாதிப்பேர்தான். என் விரல் பத்தும் தப்பியதை நான் என் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கி, சதுர ஓட்டைக்குள் பொருத்திக் காட்ட வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. எனக்குத் தெரியாத வேலையா? ஆனால் கை பறந்தது. அவசரமாக அரத்தை ஓட்டினால் இரும்பின் விளிம்பு உருண்டுபோகும் என்பது நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் உருளத் தொடங்கியிருந்தது. பயந்துவிட்டேன்.

அரத்தைக் கீழே வைத்து மூச்சு வாங்கினேன். என்னையறியாமல் பிரியதத்த மந்திரம் வாயில் வந்தது, அதுவும் அவள் சொல்கிற அந்தப் பாழாய்ப்போன நிதானத்தில். ஒரு வார்த்தைக்கு ஒரு தள்ளு. வார்த்தை முடிந்தால்தான் அடுத்த தள்ளு. இட்லியைக் கல்லாக்கிய அதே வேகம் இரும்புக்கு அளவெடுத்தது போல இருந்தது. பத்து முடிந்தபோது மட்டம் அசையாமல் உட்கார்ந்தது. துண்டு ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. போர்மேன் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து மேஸ்திரி என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை கிடைத்ததற்கு அவள் சிரித்தாள். ஆனால் கேட்டது வேறு.

"அந்தப் பத்தை யாருக்காக வேண்டிக்கிட்டீங்க?"

உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஆரம்பிச்சது வேலைக்காகத்தான். பாதியில ஒன் கை ஞாபகம் வந்துச்சு. அப்புறம் வேலையை மறந்துட்டேன்."

இட்லிப் பானை மூடியைத் தூக்கித் தூக்கி ஆவி பட்டுப் பழுத்த கை அது. எத்தனை வருஷமாக என் கண்ணெதிரே இருந்தது, அதுவரை நான் கவனித்துப் பார்த்ததில்லை. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, மாவு அரைக்கணும் என்று உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை, வழக்கமாக ஆவி வந்த பிறகு தொடங்கும் முதல் பத்தை அவள் மாவு ஊற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். பானை ஆவி விட்டபோது மூன்றாவது பத்து ஓடிக்கொண்டிருந்தது, என் விரலுக்காக. நான் சைக்கிளைத் துடைத்தபடி நான்காவதைச் சொன்னேன். அது முடிந்ததும் எழுந்துபோய்த் துணியைப் பிடித்து மூடியை நானே தூக்கினேன். ஆவி சுரீரென்று சுட்டது. இட்லி பூவாக இருந்தது.