முதல் பக்கத்துத் தேவதர்ஷினி

தேவதர்ஷினியிடம் யாரும் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிட முடியாது. கத்திரிக்காய் தின்றால் அரிப்பு வரும் என்று அம்மா சொன்னால் போதும், "யாரு சொன்னது? எங்க சொன்னாங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் பிழைப்பு அப்படி. திருச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜேக்கப் வக்கீலின் ஆபீஸில் அவளுக்குப் பாராலீகல் வேலை. வக்கீல் வாதாடப் போகிற கேஸுக்குப் பொருத்தமான பழைய தீர்ப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். எந்தக் கோர்ட், எந்த வருஷம், எத்தனையாவது பத்தி என்று ஒன்றுவிடாமல் குறித்துத் தர வேண்டும். தீர்ப்புக்கு மேலே அச்சிட்டிருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதினால் ஜேக்கப் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். "அது புத்தகம் போட்டவங்க எழுதினதும்மா, ஜட்ஜ் எழுதினது இல்ல. உள்ள போய்ப் படி" என்பார்.

இப்பேர்ப்பட்டவளிடம் வந்து, ஜாதகம் சரியாக வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றார் கல்யாணத் தரகர் நல்லதம்பி. பாவம் மனுஷன்.

"எந்த ஜோசியர் பார்த்தாரு?"

"அது... அவங்க குடும்ப ஜோசியர்தாம்மா."

"பொருத்தம் எல்லாம் பார்த்துட்டுத்தானே பொண்ணு பார்க்கவே வந்தாங்க? அப்ப பார்த்தது யாரு?"

நல்லதம்பி சுழலாத மின்விசிறியைப் பார்த்தார், காபி டம்ளரைப் பார்த்தார், கடைசியில் அவளுடைய அப்பா இளவரசனைப் பரிதாபமாகப் பார்த்தார். மகளின் குறுக்கு விசாரணையில் தலையிட்டு மாட்டிக்கொள்ள அந்தக் கே.கே. நகர் வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"உண்மையச் சொல்லிடறேன்மா. நெட்டுல உங்க பேரைப் போட்டுப் பார்த்திருக்காங்க. டைவர்ஸ் கேஸ் ஒண்ணு வந்துதாம். ஏற்கெனவே கல்யாணம் ஆன பொண்ணுங்கறத மறைச்சிட்டீங்கன்னு சொல்றாங்க."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவதர்ஷினிக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது துக்கம். சித்தார்த்தனை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, யாரும் கேட்காமலேயே, "எனக்கு ரசம் நல்லா வரும்ங்க, சாம்பார் மட்டும் கைகூடல" என்று ஒப்புக்கொண்டவன் அவன். அவன் அம்மா மகாலட்சுமி கிளம்பும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைன்னே கூப்பிடும்மா" என்றிருந்தாள். அந்த வார்த்தையை வீட்டில் தனியாக இருக்கும்போது ஓரிரு தடவை சொல்லிப் பார்த்ததும் உண்டு. அதை இங்கே போட்டு உடைத்ததற்கு அவள் என்னை மன்னிக்க வேண்டும்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் போட்டுத் தேடும் அதே பெட்டியில் முதல்முறையாகத் தன் பெயரைத் தட்டினாள். வந்துவிட்டது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் நடந்த மேல்முறையீடு. கணவனைப் பிரிய விவாகரத்துக் கேட்டவள் பெயர் தேவதர்ஷினி. ஆனால் அப்பா பெயர் வேறு, ஊர் கரூர். ஆக, ஆள் வேறு. ஒரே பெயரில் எத்தனையோ பேர் கோர்ட்டுக்கு வருகிறார்கள். பெயரை மட்டும் வைத்து எந்த வழக்கையும் அடையாளம் சொல்லக் கூடாது என்பது அவள் வேலையில் பாலபாடம். முதல் பக்கத்தைப் பிரின்ட் எடுத்தாள். இதை மாப்பிள்ளை வீட்டார் மூஞ்சிக்கு நேரே நீட்டினால் கதை முடிந்தது என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், மறுபடி உட்கார்ந்தாள். படிக்காத தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எங்கேயும் போனதில்லை.

உள்ளே போய்ப் படித்தாள். பதினோராவது பத்தியில், ஏன் வீட்டை விட்டுக் கிளம்பினாய் என்ற கேள்விக்கு அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் சொன்ன பதில் இருந்தது. வாங்கிய அடியை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது தன் கை நடுங்கியதாகச் சொல்லியிருந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்கியதாம், சோறு குழந்தையின் சட்டையில் சிந்தியதாம். ஒருநாள் அதே சத்தத்துக்குக் குழந்தையும் நடுங்கியதாம். அன்றைக்கே கிளம்பிவிட்டார்களாம் தாயும் பிள்ளையும்.

தேவதர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. 'அவள் நான் இல்லை' என்று காலில் பட்ட சேற்றைக் கழுவுவதுபோலச் சொல்லிவிட்டு வரத்தானே கிளம்பினாள்? மிச்சப் பக்கங்களையும் பிரின்ட் எடுத்தாள்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்துக் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்வீதியில் இருந்த மகாலட்சுமியின் பாத்திரக்கடைக்குப் போனாள். வேலை முடிந்து வந்த சித்தார்த்தன் ஸ்டூலில் ஏறி நின்று மேல்தட்டில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் ஒரு குடம் கைநழுவி விழுந்து, சத்தம் வீதி முழுக்கக் கேட்டது.

"வாம்மா" என்றாள் மகாலட்சுமி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

"நெட்டுல நீங்க பார்த்த கேஸ் இதுதானாம்மா?"

அத்தை, அம்மா ஆகிவிட்டதை மகாலட்சுமி கவனித்தாள். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். அப்பா பெயர். ஊர். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அடடா, நீ இல்லையா! பெருமாளே, நல்லவேளை! தப்புப் பண்ணிட்டோம்மா. டேய் சித்து, காபி வாங்கிட்டு வாடா! நல்லதம்பிக்குப் போனைப் போடு!"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கல்யாணம் அந்த நிமிஷமே திரும்பி வந்துவிட்டது. சித்தார்த்தன் எதிர்க்கடையிலிருந்து காபி வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று நின்றான். ஆனால் தேவதர்ஷினி டம்ளரைத் தொடவில்லை.

"நான் இல்லைதான். நானாவே இருந்திருந்தா?"

மகாலட்சுமிக்குப் புரியவில்லை. தேவதர்ஷினி பதினோராவது பத்தியைத் தமிழில் சொன்னாள்.

"இதுல அந்தப் பொண்ணு பண்ணின தப்பு என்னம்மா? உங்களுக்கு ஜவாப் சொல்ல மட்டும் நான் வரல. நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கே ஒரு கஷ்டம் வந்தா, முதல் பக்கத்தோட மூடிடுவீங்களா? அது தெரியணும் எனக்கு."

கேட்டுவிட்டாள். இத்தனை ஆசைப்பட்ட இடம். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தாள்.

மகாலட்சுமி கீழே விழுந்த குடத்தின் நெளிவைத் தடவிப் பார்த்தாள். "பொய் சொல்ல மாட்டேன்மா. ஒருத்தியப் பத்திக் கேஸுன்னு கேள்விப்பட்டாலே கதவச் சாத்திக்கிற ஆளுதான் நான். ஜாதகம்னு சொன்னதும் நான்தான். எந்த ஜோசியர்னு மட்டும் கேட்டுடாதே."

தேவதர்ஷினிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு சித்தார்த்தனிடம் திரும்பினாள். "நீங்க படிச்சீங்களா?"

"இல்லைங்க. பேரைப் பார்த்ததும் மூடிட்டேன். உள்ள என்ன இருக்குமோன்னு பயம்." இதையும் அவன் சாம்பாரை ஒப்புக்கொண்ட மாதிரியே சொன்னான். பிறகு கையை நீட்டினான். "கொடுங்க."

கல்லாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். குத்துவிளக்கு விலை கேட்டு வந்தவர்களை மகாலட்சுமி கையைக் காட்டி நிற்க வைத்தாள். அவன் எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தான். சட்டத்து இங்கிலீஷ் அப்படி. நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தான். தேவதர்ஷினி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபியில் ஆடை கட்டியது.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"குழந்தை அம்மாகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க இல்ல?" என்றான். "அந்தப் பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

மத்தியானம் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அவளும் இதைத்தான் நினைத்தாள்.

"ஸ்கூலுக்குப் போய்க்கிட்டிருப்பா" என்றாள் தேவதர்ஷினி. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மகாலட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"காபி ஆறிப்போச்சு, அத்தை."