தங்கை எழுத வேண்டிய அரைப் பக்கம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து நாற்காலி அம்மாளுக்கு ஒரு கன்னம் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. ஆனாலும் மடியில் அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தை விரித்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். "பரீட்சையா?" என்றேன் விளையாட்டாக. "ஆமா, திங்கக்கிழமை" என்றார். வாயைத் திறக்கவே முடியாதவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

ஆரம்பத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

வானம் மூட்டமாக இருந்த ஒரு காலையில், ஐம்பத்திரண்டு வயதில், அவர் கல்லூரி வாசலை—

(வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.)

கல்வி என்பது—

(இதை எழுதிய கையை மடக்கிக்கொள்கிறேன்.)

2

அந்த அம்மாள் முப்பத்து மூன்று வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வரலாறு படிக்கச் சேர்ந்தார். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றது. அவர் பாட்டுக்குக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் மேடம். பாடம் நடத்தும் விரிவுரையாளருக்கு அவர் வயதில் பாதிதான். அந்தப் பெண்ணும் மேடம் என்றே கூப்பிட்டாள்.

அமெரிக்கப் புரட்சி என்றால் மேடத்துக்கு உயிர். கேட்காமல் கொள்ளாமல் இங்கிலாந்து வரி போட்டதும், பாஸ்டன்காரர்கள் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டியதும் பாடத்தில் வந்தபோது, மேடம் கடைசி பெஞ்சிலிருந்து "சபாஷ்!" என்றார். வகுப்பு திரும்பிப் பார்த்தது.

அந்த வாரம்தான் விரிவுரையாளர் ஒரு பயிற்சி கொடுத்தாள். "உங்க வீட்டுச் சண்டை ஒண்ணை எடுத்துக்கோங்க. அடிப்படைக் காரணம், உடனடிக் காரணம், விளைவுகள். அவ்வளவுதான்."

மேடத்திடம் சண்டை தயாராக இருந்தது. ஒன்பது வருடமாகத் தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினார். தங்கை புது வீடு கட்டினாள்; பார்க்கப் போன அக்கா, "சமையலறையில ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் ஜன்னல்ல தொங்கணும் போலிருக்கே" என்று சிரித்தாள்; "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று தங்கை கதவைச் சாத்தினாள். தான் பதினெட்டு வயதில் நர்ஸ் வேலைக்குப் போய்த்தான் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பியது, அவள் ஒரே வருடத்தில் விட்டுவிட்டு வந்தது எல்லாம் சிவப்பு மையில்.

விரிவுரையாளர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "இது வரலாறு இல்ல மேடம். புகார் மனு. அவங்க பக்கத்தையும் கேட்டுட்டு வாங்க."

3

(ஒரு குறிப்பு: முதல் வரைவில் தங்கையைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது.)

தங்கை பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறு காலை மேடம் போனபோது பயிற்சிக் கார் வாசலில் நின்றது. தங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. வீட்டுப்பாடம்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பத்து நிமிஷத்துல ஆள் வருவாங்க. ஏறு. இந்தப் பக்கம் இல்ல, இது என் சீட்டு."

ஆகவே மேடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. அந்தக் காரில் தங்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

மேடம் நோட்டைத் திறந்தார். "சமையலறையைப் பத்திச் சொன்னதுக்கா ஒன்பது வருஷம்?"

"அது உடனடிக் காரணம்" என்றாள் தங்கை. "காலேஜ்ல இருந்த அந்த ஒரு வருஷத்துல நான் படிச்சு மனசுல நின்னது அது ஒண்ணுதான்."

"அப்ப அடிப்படைக் காரணம்?"

"காலேஜ் பாரத்தை யாருக்கா நிரப்பினது?"

"நான்தான். உனக்காக—"

"வரலாறுன்னு எழுதினது?"

மேடம் நோட்டில் 'நான்' என்று எழுதினார்.

"எனக்கு வரலாறே பிடிக்காதுக்கா. உனக்குப் பிடிக்கும். உன் ஆசையை என் தலையில கட்டிட்ட. பெயிலானப்ப என்னைப் பாத்து அழுத. நான் வீடு கட்டினேன், யாரையும் கேக்காம, எனக்குப் பிடிச்ச மாதிரி. அதையும் வந்து திருத்தின."

மேடம் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். "இத்தனை நாளா நான் பாஸ்டன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "நான்தான் இங்கிலாந்து."

"என்ன உளர்ற?"

"ஒண்ணுமில்ல. பாடம்."

4

அன்றிரவு நாலு பக்கத்தையும் அடித்துவிட்டு மேடம் புதிதாக எழுதினார். காரணங்கள் இரண்டு பக்கம். 'விளைவுகள்' என்று தலைப்புப் போட்டு, அரைப் பக்கம் வெறுமையாக விட்டு, நோட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை பயிற்சிக் கார் கல்லூரி வாசலில் வந்து நின்றது. ஜன்னல் வழியே நோட்டு வந்தது. "இங்க படிக்காத. உள்ள போய்ப் படி."

வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது மேடம் அந்த அரைப் பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை. மூன்று மதிப்பெண் போயிற்று.

"அதுல என்னம்மா இருந்தது?" என்று நான் கேட்டேன்.

"அது அவ சொல்ல வேண்டியது. நான் சொன்னா, அதுவும் நான் நிரப்பின பாரம்தான்."

5

முடிவுக்கு மூன்று வழி யோசித்தேன். தங்கை மன்னித்து எழுதியிருக்கிறாள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தங்கை ஒரே ஒரு வரி திட்டியிருக்கிறாள், சிரிப்பார். தங்கை அரைப் பக்கத்தையும் வெறுமையாகவே—

மூன்றையும் அடித்துவிட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நீங்கள் படித்தது முழுக்க அக்கா சொன்னது. எழுதிய நானும் எங்கள் வீட்டில் மூத்தவள். எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். இந்தக் கதையை அவளிடம் இன்னும் காட்டவில்லை.

எனவே கீழே இடம் விட்டிருக்கிறேன். தங்கையாகவோ தம்பியாகவோ பிறந்தவர்கள் எழுதலாம். அக்காமார்கள் தயவுசெய்து பேனாவைத் தொட வேண்டாம்.

விளைவுகள்: