கால் சுற்று

காலை ஆறு நாற்பதுக்கு நங்கூரம் போட்டார்கள்.

ஸ்கூபா இரண்டாம் நிலைப் பயிற்சியின் கடைசி முங்கல். முப்பது மீட்டர். இதில் தேறினால்தான் என் நாத்தனாருக்குத் திங்கட்கிழமை தொடங்கும் மீட்புப் பயிற்சியில் இடம். நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் அவள். இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். ஜோடியாகத்தான் இறங்க வேண்டும் என்பதால் உப்புக்குச் சப்பாணியாக நான்.

"அண்ணி, திரும்புங்க. சிலிண்டர் திருகைத் தொட்டுப் பார்த்துடறேன்."

"இப்பதான் நானே திறந்தேன். வீட்டுல கேஸை மூணு தடவை பார்க்கறது போதாதா? இங்கேயும் வந்துட்டியா, இன்ஸ்பெக்டர் அம்மா?"

படகே சிரித்தது. அவளும் சிரித்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

திருகைப் படகுக்காரர் முன்பே திறந்து வைத்திருந்தார். அது தெரியாமல், திறப்பதாக நினைத்து முழுக்க மூடி, முழுக்கத் திறந்தபின் செய்யும் பழக்கப்படி கால் சுற்று பின்னால் திருப்பியிருந்தேன். மேலே அந்தக் கால் சுற்றுத் திறப்பே போதுமாக இருந்தது.

இருபத்திரண்டு மீட்டரில் போதவில்லை. மூச்சு பாதியில் நின்றது. இழுக்கும்போதெல்லாம் காற்று அளவு காட்டும் ஊசி கீழே விழுந்தது, நிறுத்தினால் ஏறியது. காற்று இல்லை என்று கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டிக் காட்டினேன்.

அவள் பதறவில்லை. தன் சிலிண்டரின் உபரி காற்றுக்குழாயை என் வாயில் வைத்தாள். என் ஊசியைப் பார்த்தாள். அவள் கை என் முதுகுக்குப் பின்னால் போனது. இரண்டு சுற்று.

கூடவே இறங்கியிருந்த பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்தினார். மேலே. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அவள் என் தோள்வாரை விடவில்லை. முகக்கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தால் துடைக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது.

படகில் பயிற்சியாளர் கேட்டார். "இறங்கறதுக்கு முன்னாடி இவங்க திருகை யார் பார்க்கணும்?"

"நான்தான் சார். மறந்துட்டேன்."

"ஜோடியையே மறக்கறவங்க மீட்புப் பயிற்சிக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

கையெழுத்துப் போடாமலே பயிற்சிப் பதிவேட்டை மூடினார். அவள் குனிந்து என் கால் துடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் மாமியாரிடம் எனக்காக எத்தனை திட்டு வாங்கியிருப்பாள். ஒன்றுக்கும் நான் நன்றி சொன்னதில்லை.

எழுந்தேன்.

"சார், அவ பார்க்கத்தான் வந்தா. நான்தான் கேலி பண்ணித் தடுத்தேன். என் தேர்ச்சி அட்டை போனாப் போகட்டும். கீழே என்னைக் காப்பாத்தினவளுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?"